தளிர் எப்படிக் கட்டையாகிறது? லிக்னின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிளையின் நுனித்தளிரைப் பிடித்து வளைத்துப் பாருங்கள், சொன்னபடி வளையும். அதே கிளையில் இரண்டு சாண் கீழே பிடித்து வளைத்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இன்னும் அழுத்தினால் பட்டென்று ஒடியும். இந்த இரண்டு சாண் தூரத்துக்குள் செல் சுவர்களில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுக்கப் பேசுகிறோம். பாடநூலில் "செல் சுவரில் லிக்னின் படிகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் "படிகிறது" என்ற சொல்லே கொஞ்சம் தவறான படத்தைத் தருகிறது என்பது என் எண்ணம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

லிக்னின் என்றால் என்ன, சுருக்கமாக?

மரக்கட்டையின் செல் சுவரில் மூன்று முக்கியமான பொருள்கள் இருக்கின்றன: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். லிக்னின் அப்படியில்லை. அது பென்சீன் வளையம் கொண்ட சிறு மூலக்கூறுகள் பல கோணங்களில் ஒன்றோடொன்று பிணைந்து உருவான, கிளைகள் உள்ள பாலிமர். செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளையெல்லாம் நிரப்பி, அங்கிருந்த தண்ணீரை வெளியேற்றி, சுவரை இறுக்கிவிடுகிறது. உலகில் உயிர்கள் உருவாக்கும் பாலிமர்களில் செல்லுலோசுக்கு அடுத்து மிக அதிகமாகக் கிடைப்பது இதுதான்.

கம்பி கட்டி கான்கிரீட் போடுவதோடு இதை ஒப்பிடுவது வழக்கம். கம்பி செல்லுலோஸ், கான்கிரீட் லிக்னின் என்பார்கள். விறைப்பைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் கான்கிரீட்டை வெளியே கலந்து கொண்டுவந்து ஊற்றுகிறோம். லிக்னினை யாரும் கலந்து கொண்டுவந்து கொட்டுவதில்லை. சிறு மூலக்கூறுகளாகச் சுவருக்குள் கசிந்து வந்து, அங்கேயே, ஈரமான இழைகளின் இடுக்கிலேயே ஒன்றோடொன்று பிணைகிறது. எங்கோ தயாராகி வந்து "படிவது" இல்லை, அந்த இடத்திலேயே பிறப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. சுவிஸ் தாவரவியலாளர் டி காண்டோல் 1813-இல் இந்தப் பெயரை வைத்தார், மரக்கட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான "லிக்னம்" என்பதிலிருந்து எடுத்தது. 1838-இல் பிரான்சின் ஆன்செல்ம் பாயன் மரத்தை நைட்ரிக் அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிக் கழுவி, மிஞ்சிய நாருக்குச் செல்லுலோஸ் என்று பெயர் கொடுத்தார். கரைந்து போனதை, செல்லுலோசின் மேல் அப்பியிருந்த பொருள் என்று சொன்னார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடனின் பீட்டர் கிளாசன், இது கொனிஃபெரில் ஆல்கஹாலோடு தொடர்புடைய பொருள் என்று ஊகித்தார். அந்த ஊகம் சரி என்பதைப் பிறகு சோதனைக் குழாயிலேயே காட்டியவர் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் வேலை செய்த கார்ல் ஃப்ராய்டன்பெர்க். அவருடைய சோதனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ரொம்ப முக்கியமானது.

செடியின் எல்லாச் செல்களிலும் லிக்னின் உண்டா?

இல்லை. இலையின் பச்சைச் செல்களிலோ, வளரும் நுனியிலோ கிடையாது, இருக்கவும் கூடாது, ஏனென்றால் லிக்னின் ஏறிய சுவர் அதற்கு மேல் விரியாது. முக்கியமாக இது ஏறுவது தண்ணீர் கடத்தும் சைலக்குழாய்கள், டிரக்கீடுகள், தாங்கி நிற்கும் நார்கள், அப்புறம் கொட்டை ஓடு போன்ற இடங்களில் இருக்கும் கல் செல்கள். வேரில் அகத்தோல் செல்களைச் சுற்றி மெல்லிய பட்டையாக ஒரு அடைப்பு இருக்குமே, காஸ்பேரியன் பட்டை, அதுவும் லிக்னின்தான். பூஞ்சை தாக்கிய இடத்திலும் காயம்பட்ட இடத்திலும் அவசரமாக லிக்னினை உருவாக்கிச் சுவர் எழுப்பும் செடிகள் நிறைய உண்டு.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது?

ஒளிச்சேர்க்கையில் கிடைத்த சர்க்கரையிலிருந்துதான், ஆனால் நேராக இல்லை, ஒரு நீண்ட சுற்று சுற்றி. முதலில் கணிகங்கள் என்ற செல் நுண்ணுறுப்புகளுக்குள் ஷிகிமேட் பாதை என்ற வேதிவழியில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் தயாராகிறது. ஆம், புரதத்தில் இருக்கும் அதே பினைல்அலனின். மரம் தன் கட்டைக்கு அமினோ அமிலத்தை மூலப்பொருளாக எடுக்கிறது என்று முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, ஏனென்றால் நைட்ரஜன் என்பது செடிக்குக் கிடைப்பதற்கரிய சரக்கு, அதைப் போய்க் கட்டையில் புதைத்தால் எப்படிக் கட்டுப்படியாகும்?

அதற்கு விடை அடுத்த படியிலேயே இருக்கிறது. பினைல்அலனின் அம்மோனியா லையேஸ் என்ற நொதி அந்த மூலக்கூறிலிருந்து அம்மோனியாவைக் கழற்றிவிடுகிறது. மிச்சம் சின்னமிக் அமிலம். கழன்ற அம்மோனியாவைச் செடி வீணாக்குவதில்லை, உடனே குளுட்டமின் ஆக்கிச் சுழற்சிக்குள் கொண்டுவந்து, அதே நைட்ரஜனை அடுத்த பினைல்அலனினுக்குப் பயன்படுத்துகிறது. அதாவது நைட்ரஜன் இங்கே ஒரு கைப்பிடி மாதிரிதான், பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். கட்டைக்குள் போவது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே.

புல் வகைகளுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு: டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்தும் அவை நேராகத் தொடங்கும், ஒரு படி மிச்சம்.

சின்னமிக் அமிலத்துக்குப் பிறகு பத்து நொதிகள் வரை வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கும், ஒன்று அதன் மேல் மீத்தில் தொகுதியை மாட்டும், கடைசி இரண்டு மூலக்கூறின் வால் முனையில் இருக்கும் அமிலத்தை முதலில் ஆல்டிஹைடாகவும் பிறகு ஆல்கஹாலாகவும் ஒடுக்கும். எல்லாப் பெயரையும் இங்கே எழுதினால் படிக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: முழுக்கத் தெரிந்துவிட்டது என்று பலரும் நினைத்திருந்த இந்தப் பாதையில், 2013-இல் கூட, அதுவரை யாரும் கவனிக்காத ஒரு நொதி கண்டுபிடிக்கப்பட்டது.

மூன்று வகை ஆல்கஹால் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வரிசையின் முடிவில் கிடைப்பவை கூமரில் ஆல்கஹால், கொனிஃபெரில் ஆல்கஹால், சினாப்பில் ஆல்கஹால். இவற்றுக்கு மோனோலிக்னால்கள் என்று பொதுப்பெயர். மூன்றுக்கும் உடம்பு ஒன்றுதான். வளையத்தில் எத்தனை மீத்தாக்சி தொகுதி மாட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்: கூமரிலில் ஒன்றும் இல்லை, கொனிஃபெரிலில் ஒன்று, சினாப்பிலில் இரண்டு. பாலிமருக்குள் போனபின் இவற்றை எச், ஜி, எஸ் அலகுகள் என்று குறிப்பார்கள்.

ஒரு சின்னத் தொகுதிதானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிறைய இருக்கிறது. வளையத்தில் ஐந்தாம் இடம் என்று ஒரு கார்பன் உண்டு. கொனிஃபெரிலில் அந்த இடம் காலியாக இருப்பதால் அங்கேயும் பிணைப்பு விழும், அந்தக் கார்பன்–கார்பன் பிணைப்பை உடைப்பது பெரும்பாடு. சினாப்பிலில் இரண்டாவது மீத்தாக்சி அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவதால் அங்கே பிணைப்பு விழாது. அதனால் எஸ் அலகு அதிகமுள்ள லிக்னின் கிளைகள் குறைந்து, கிட்டத்தட்ட நேர்ச் சங்கிலியாக வரும், காரத்தில் வேகவைத்தால் சீக்கிரம் பிரியும். காகித ஆலைகள் சில மரங்களை விரும்புவதற்கும் சிலவற்றோடு மல்லுக்கட்டுவதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பெரும்பாலும் ஜி மட்டுமே. பூக்கும் மரங்களில் ஜி-யும் எஸ்-உம் கலந்திருக்கும், அதிலும் ஒரே மரத்தில் தண்ணீர்க்குழாயில் ஜி தூக்கலாகவும் நாரில் எஸ் தூக்கலாகவும் இருக்கும். புல் வகைகளில் மூன்றும் உண்டு.

செல்லுக்குள் தயாரானது சுவருக்கு எப்படிப் போகிறது?

இதில் இன்னும் விவாதம் நடக்கிறது. மோனோலிக்னால்கள் சிறியவை, ஓரளவு எண்ணெய்த்தன்மை உள்ளவை, ஆகவே செல் சவ்வைத் தாமாகவே ஊடுருவிப் போகும், வெளியே சுவரில் உடனுக்குடன் செலவழிந்துகொண்டிருப்பதால் அந்தச் சரிவே இழுத்துக்கொண்டு போகும் என்பது ஒரு தரப்பு. சவ்வில் இருக்கும் கடத்திப் புரதங்கள் ஆற்றலைச் செலவழித்துத் தள்ளுகின்றன என்பது இன்னொரு தரப்பு. கூமரில் ஆல்கஹாலைக் கடத்தும் ஒரு புரதம் அராபிடாப்சிஸ் என்ற சிறு சோதனைச் செடியில் 2012-இல் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. இரண்டும் நடக்கலாம், இரண்டுக்கும் சண்டை இல்லை. ஊசியிலை மரங்களின் கேம்பியம் பகுதியில் (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கு) கொனிஃபெரில் ஆல்கஹால் ஒரு குளுக்கோசைச் சுமந்தபடி கொனிஃபெரின் என்ற வடிவில் சேர்ந்து கிடப்பதும் உண்டு.

சுவருக்குள் வந்தபின் எப்படி ஒன்றோடொன்று பிணைகின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சுவருக்குள் இரண்டு வகை நொதிகள் காத்திருக்கின்றன. லாக்கேஸ் என்பது செம்பு அணுக்களைக் கொண்டது, காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனையே பயன்படுத்தும். பெராக்சிடேஸ் என்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். வழி எதுவானாலும் வேலை ஒன்றுதான்: மோனோலிக்னாலின் ஹைட்ராக்சில் முனையிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறித்துவிடுவது. அப்போது அந்த மூலக்கூறில் ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் தனியாக நிற்கும். பாடநூல் இதைத் தனி உறுப்பு என்கும், பேச்சில் ஃப்ரீ ராடிக்கல்.

இந்தத் தனி எலக்ட்ரான் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆக்சிஜன் மேல் கொஞ்சம், வளையத்தின் ஐந்தாம் கார்பன் மேல் கொஞ்சம், வாலில் பீட்டா என்று அழைக்கப்படும் கார்பன் மேல் கொஞ்சம் என்று பரவி நிற்கும். இப்படி இரண்டு ராடிக்கல்கள் சந்தித்தால் உடனே ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் ஒட்டும்? இரண்டிலும் எலக்ட்ரான் எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ அங்கெல்லாம் வாய்ப்பு உண்டு, வாய்ப்பின் அளவுதான் வேறு. புதிதாக வரும் மோனோலிக்னால் பெரும்பாலும் தன் பீட்டா கார்பனை நீட்டும், ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் பாலிமரின் முனை பெரும்பாலும் தன் ஆக்சிஜனை நீட்டும். அப்படி விழும் பிணைப்புக்குப் பீட்டா-ஓ-4 என்று பெயர். லிக்னினில் இருக்கும் பிணைப்புகளில் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கு மேல் இதுதான். மிச்சம் பீட்டா-5, பீட்டா-பீட்டா, 5-5 என்று பலவகை.

பிணைந்தவுடன் அந்த மூலக்கூறு ஒரு நிலையில்லாத இடைநிலைக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து சேர்ந்ததும் அமைதியாகி, மறுபடி முழு பென்சீன் வளையமாக ஆகிவிடும். சில சமயம் தண்ணீருக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் ஹெமிசெல்லுலோசின் ஹைட்ராக்சில் தொகுதி அங்கே வந்து சேர்ந்துவிடும். அப்போது லிக்னின் சர்க்கரைச் சங்கிலியோடு நேரடியாகவே பிணைந்துவிடுகிறது. மரத்திலிருந்து லிக்னினைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது அவ்வளவு கடினமாக இருப்பதற்கு இந்தக் குறுக்குப் பிணைப்பும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, நொதியின் வேலை ஹைட்ரஜனைப் பறிப்பதோடு முடிந்துவிடுகிறது. பிணைப்பை யாரும் நின்று செய்துவைப்பதில்லை. புரதத்துக்கும் டிஎன்ஏ-வுக்கும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு நொதி கையால் பிடித்துச் செய்கிறது, செல்லுலோசும் அப்படித்தான். லிக்னினுக்கு அந்தக் கை இல்லை.

அப்படியானால் இதற்கு வரைபடமே கிடையாதா? தற்செயலாக உருவாவதா மரம்?

பிணைப்பு நிலையில் வரைபடம் இல்லை என்பதுதான் இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. அதற்கு அழகான ஒரு சான்று உண்டு. உயிர்கள் நொதியால் பிணைத்துச் செய்யும் பொருள்கள் பெரும்பாலும் இடது, வலது என்று ஒரு பக்கச் சார்பு உள்ளவை, அவற்றின் வழியே தளவிளைவுற்ற (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) ஒளியைச் செலுத்தினால் அதைத் திருப்பும். லிக்னின் திருப்புவதில்லை. இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் சரிபாதி. யாரும் பிடித்து வழிநடத்தாத வினையில்தான் இப்படி வரும். 1997-இல் டிரிஜென்ட் புரதங்கள் என்று ஒரு வகை கண்டுபிடிக்கப்பட்டது, அவை இரண்டு ராடிக்கல்களைக் குறிப்பிட்ட திசையில் நிறுத்திச் சேர்க்கக்கூடியவை. லிக்னினுக்கும் அவைதான் அச்சு என்று சிலர் வாதாடினார்கள். மரக்கட்டை லிக்னினுக்கு அது நிலைக்கவில்லை.

ஆனால் தற்செயல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தவறாகிவிடும். செடி பிணைப்பைக் கட்டுப்படுத்துவதில்லை, வரத்தைக் கட்டுப்படுத்துகிறது. எந்த ஆல்கஹால், எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எந்த நேரத்தில், எந்த மூலையில் என்பதெல்லாம் அதன் பிடியில். இங்கேதான் ஃப்ராய்டன்பெர்க்கின் சோதனை வருகிறது. அவர் கொனிஃபெரில் ஆல்கஹாலை நொதிக்கரைசலில் சேர்த்து லிக்னின் போன்ற பொருளை உண்டாக்கினார். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் புதிய மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்கின்றன, வரும் பொருள் மர லிக்னினைப் போல அவ்வளவாக இருப்பதில்லை. சொட்டுச் சொட்டாக விட்டால், எண்ணிக்கையில் குறைவாக வரும் புதியவை ஏற்கெனவே வளர்ந்த முனையில் போய் ஒட்டுகின்றன, பீட்டா-ஓ-4 கூடுகிறது, மர லிக்னினை நெருங்கி வருகிறது. அதே பொருள், அதே நொதி, ஊற்றும் வேகம் மட்டும்தான் வேறு! மரமும் இதைத்தான் செய்கிறது, சொட்டு நீர் விடுவது மாதிரி விட்டுக்கொண்டிருக்கிறது.

லாக்கேஸ்கள் இருக்கும் இடமும் இன்னொரு கடிவாளம். அராபிடாப்சிஸில் மூன்று லாக்கேஸ் மரபணுக்களைச் சேர்த்து முடக்கியபோது தண்டின் குழாய்களில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது, செடி குட்டையாகி நின்றுவிட்டது. ஆனால் அதே செடியின் வேரில் காஸ்பேரியன் பட்டை குறையில்லாமல் உருவாகியிருந்தது, ஏனென்றால் அங்கே வேலை செய்வது வேறு நொதிக் குழு.

சுவரில் முதலில் எங்கே தொடங்கும்?

மூலையில். மூன்று நான்கு செல்கள் சந்திக்கும் மூலைகளிலும், பக்கத்துச் செல்களை ஒட்டவைக்கும் இடைப்படலத்திலும்தான் லிக்னின் முதலில் தோன்றும். அப்போது உள்ளே இரண்டாம் நிலைச் சுவரின் (முதல் சுவருக்கு உட்புறம் பிறகு உருவாகும் தடித்த சுவர்) முதல் அடுக்கு இப்போதுதான் ஆரம்பித்திருக்கும். பிறகு கொஞ்சம் மெதுவாகி, உள்ளடுக்குகளின் செல்லுலோஸ் வேலை முடிகிற சமயத்தில் பெரிய அலையாக வெளியிலிருந்து உள்நோக்கிப் பரவும். எச் அலகுகள் முதலில், அப்புறம் ஜி, கடைசியில் எஸ் என்று ஒரு வரிசையும் தெரியும்.

செறிவு அதிகம் இடைப்படலத்தில்தான். ஆனால் மொத்த லிக்னினில் பெரும்பங்கு இரண்டாம் நிலைச் சுவரின் நடு அடுக்கில் இருக்கிறது, காரணம் அந்த அடுக்குதான் மற்றவற்றைவிட மிகத் தடிமனானது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட குறிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு செல்லுக்கு இதெல்லாம் முடியச் சில வாரங்கள் ஆகும். குளிர்ப் பகுதி ஊசியிலை மரங்களில், அந்த ஆண்டுக்கான சுற்றளவு பெருப்பது நின்ற பிறகும் வாரக்கணக்கில் சுவர் தடிப்பதும் லிக்னின் ஏறுவதும் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

செல் செத்துவிட்டால் லிக்னின் ஏறுவதும் நின்றுவிடுமா?

நிற்காது, இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. தண்ணீர்க்குழாய் ஆகப்போகும் செல் வேலைக்கு வர வேண்டுமென்றால் அது சாக வேண்டும். உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் முழுதும் கரைந்து, வெறும் குழாய் மட்டும் மிஞ்ச வேண்டும். சுவர் தடித்ததும் செல் தன் நுண்குமிழியை (உள்ளே சாறு நிறைந்த பையை) உடைத்துக்கொள்கிறது, அதிலிருந்து வெளிவரும் நொதிகள் செல்லை உள்ளிருந்தே செரித்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் பல சமயம் சுவரில் லிக்னின் இன்னும் முழுமை ஆகியிருக்காது.

பாக்கியை யார் முடிக்கிறார்கள்? பக்கத்தில் உயிரோடு இருக்கும் செல்கள். சின்னியா செடியின் இலைச் செல்களைத் திரவத்தில் தனித்தனியாக வளர்த்து, ஹார்மோன் கொடுத்துக் குழாய்ச் செல்களாக மாற்றும் ஒரு முறை உண்டு. அதில் செத்துப்போன குழாய்ச் செல்களின் சுவரில் அதன்பிறகும் லிக்னின் கூடிக்கொண்டே போனது, குழாயாக மாறாத உயிர்ச் செல்கள் மோனோலிக்னாலைத் திரவத்தில் விட்டுக்கொண்டிருந்ததால். சுவரில் லாக்கேசும் பெராக்சிடேசும் ஏற்கெனவே பதிந்து கிடக்கின்றன, அவற்றுக்குச் செல் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை, சரக்கு வந்தால் போதும். தாங்கும் நார்களோ வேறு மாதிரி, அவை நீண்ட நாள் உயிரோடு இருந்து தங்கள் சுவரைப் பெரும்பாலும் தாங்களே முடித்துக்கொள்கின்றன.

இதை நேரில் பார்க்க முடியுமா?

சாதாரண மைக்ரோஸ்கோப் இருந்தால் போதும். இளந்தண்டைப் புதிய பிளேடால் முடிந்தவரை மெல்லிய குறுக்குச் சீவலாகச் சீவி, ஆல்கஹாலில் கரைத்த புளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருள் ஒரு சொட்டு, அதன்மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. அமிலம் கையையும் கண்ணையும் லென்சையும் கெடுக்கும், ஆகவே ஆய்வுக்கூடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கவர்சிலிப் மூடித்தான் பார்க்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் லிக்னின் உள்ள சுவர்கள் மட்டும் செம்மையும் ஊதாவும் கலந்த நிறத்தில் எழும்பி வரும். நுனிக்கு அருகே எடுத்த சீவலில் நாலைந்து சிவப்புப் புள்ளிக் கூட்டங்கள்தான் இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாய். ஒரு சாண் கீழே எடுத்ததில் அந்தக் கூட்டங்கள் பெருத்திருக்கும். இன்னும் கீழே போனால் எல்லாம் கைகோத்து ஒரு முழுச் சிவப்பு வளையம். தொடக்கத்தில் சொன்ன வளையும் தளிர், முரண்டும் தண்டு, ஒடியும் கிளை மூன்றும் அந்த மூன்று சீவலில் அப்படியே தெரியும். நிறம் சில மணி நேரத்தில் மங்கிவிடும், படம் எடுக்க வேண்டுமென்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

இந்தச் சிவப்பு லிக்னின் முழுவதற்கும் வரும் நிறம் அல்ல, அதில் இருக்கும் ஆல்டிஹைடு முனைகளுக்கு வருவது. ஆகவே சிவப்பு அடர்த்தியை வைத்து அளவைக் கணக்கிடக் கூடாது. அளவு வேண்டுமென்றால் பழைய கிளாசன் முறைதான்: மரத்தூளை 72% கந்தக அமிலத்தில் ஊறவைத்து, பிறகு நீர்க்கச் செய்து கொதிக்கவைத்தால் சர்க்கரைகள் எல்லாம் கரைந்துபோகும், கரையாமல் மிஞ்சும் பழுப்புத் தூளை எடைபோட வேண்டும்.

தண்ணீர் கடத்துவதற்கும் லிக்னினுக்கும் என்ன தொடர்பு?

மரத்தில் தண்ணீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை, இலையிலிருந்து இழுக்கப்படுகிறது. உறிஞ்சுகுழலைப் பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அந்த நிலைமையில்தான் சைலக்குழாய்கள் நாள் முழுக்க இருக்கின்றன. மரபணு மாறியதால் சுவரில் லிக்னின் குறைந்த பிறழ்வுச் செடிகளின் குழாய்கள் வட்டமாக இல்லாமல் உள்வாங்கி நசுங்கிக் கிடக்கும். அதோடு லிக்னின் தண்ணீரை விலக்கும் தன்மை உள்ளது, குழாய்ச் சுவர் நனைந்து ஊதி நெகிழாமல் பார்த்துக்கொள்கிறது. நிலத்தில் செடிகள் உயர்ந்து வளர முடிந்ததற்கு இது அடிப்படை. பாசி வகையான மாஸ்களுக்கு உண்மையான லிக்னின் கிடையாது, அவை தரையோடு தரையாகத்தான் இருக்கின்றன.

வன்கட்டையில்தான் லிக்னின் அதிகமா?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஆனால் தலைகீழ். ஊசியிலை மரங்களின் மென்கட்டையில் ஏறக்குறைய 25 முதல் 33% வரை லிக்னின் இருக்கும், பூக்கும் மரங்களின் வன்கட்டை பெரும்பாலானவற்றில் 18 முதல் 25% வரை. வெப்பமண்டல மரங்கள் சில இதைத் தாண்டும். கட்டை கடினமாக இருப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அடர்த்தி, அதாவது சுவர் எவ்வளவு தடிமன், நடுவில் எவ்வளவு வெற்றிடம் என்பது.

வைரம் பாய்வது என்பது லிக்னின் ஏறுவதுதானே?

இல்லை. இதை நிறையப் பேர் கேட்கிறார்கள், தப்பில்லை, சொல்லே அப்படித் தோன்ற வைக்கிறது. லிக்னின் ஏறுவது செல் உருவான அந்தப் பருவத்திலேயே, மரத்தின் வெளி வளையத்திலேயே முடிந்துவிடுகிறது. வெளிறு எனப்படும் வெளிர்நிறக் கட்டையும் முழுமையாக லிக்னின் ஏறியதுதான். வைரம் என்பது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து நடப்பது: நடுப்பகுதியில் மிச்சமிருந்த உயிர்ச் செல்களும் செத்து, சாகும் முன் பிசின், டானின், எண்ணெய்த்தன்மையுள்ள சாறுகள் எல்லாவற்றையும் சுற்றிலும் இறைத்துவிடுகின்றன. கருமை, மணம், கரையான் அண்டாத குணம் எல்லாம் பெரும்பாலும் அந்தச் சாறுகள் கொடுப்பவை.

வெளியே காழ் (வன்மை) இருந்தால் புல், உள்ளே காழ் இருந்தால் மரம் என்று தமிழில் மிகப் பழைய பகுப்பு ஒன்று இருக்கிறதே, அது பனைக்கும் மூங்கிலுக்கும் எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவற்றுக்கு வளையம் வளையமாகக் கட்டை சேர்க்கும் கேம்பியம் கிடையாது. லிக்னின் ஏறிய நார்க்கட்டுகள் தண்டின் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் அரிதாகவும் இருக்கும், ஆகவே வெளியே வன்மை, உள்ளே சோறு.

சாய்ந்து வளரும் மரத்தில் ஏதாவது மாறுமா?

மாறும், அதுவும் எதிரெதிராக. ஊசியிலை மரம் சாய்ந்தால் அடிப்பக்கத்தில் லிக்னின் கூடிய, எச் அலகு மிகுந்த கட்டையை உருவாக்கிக் கீழிருந்து முட்டுக்கொடுத்து நிமிர்த்தும். பூக்கும் மரங்கள் பெரும்பாலும் மேல்பக்கத்தில், லிக்னின் ஏறாத, கிட்டத்தட்ட வெறும் செல்லுலோஸ் ஆன ஒரு உள்ளடுக்கை நார்களில் சேர்த்து, மேலிருந்து கயிறு போல இழுத்து நிமிர்த்தும். தச்சர்கள் இப்படிப்பட்ட கட்டையை விரும்ப மாட்டார்கள், காயும்போது கோணிக்கொள்ளும்.

லிக்னினைக் குறைத்து மரம் வளர்க்க முடியாதா? காகிதத்துக்கு நல்லதாயிற்றே.

ரொம்பக் குறைத்தால் குழாய் நசுங்கிச் செடி குன்றிவிடும், மேலே பார்த்தோம். அளவைக் குறைப்பதைவிடத் தன்மையை மாற்றுவது நல்ல வழி என்று நான் நினைக்கிறேன், அதற்கு அந்த "வரைபடம் இல்லாத" குணமே கைகொடுக்கிறது. சுவரில் ராடிக்கல் ஆகக்கூடிய எது வந்தாலும் லிக்னின் அதைச் சேர்த்துக்கொள்ளும். மக்காச்சோளத்தில் இலை நடுநரம்பு பழுப்பாக இருக்கும் பிறழ்வு 1920-களிலேயே கவனிக்கப்பட்டது, அது லிக்னின் நொதி ஒன்று கெட்டதால் வருவது. அந்தச் செடி கால்நடைக்கு எளிதில் செரிக்கிறது. கடைசிப் படி நொதி கெட்டுப்போன ஒரு பைன் மரம் ஆல்கஹாலுக்குப் பதில் ஆல்டிஹைடையே சுவரில் சேர்த்துக்கொண்டு, கட்டை செம்பழுப்பு நிறத்தில் வளர்ந்து நின்றது. வனிலா விதையின் உறையில் இயற்கையாகவே காஃபீல் ஆல்கஹாலால் மட்டுமே ஆன லிக்னின் இருப்பது 2012-இல் தெரிந்தது. 2014-இல் பாப்லர் மரங்களில் ஒரு மரபணுவைச் சேர்த்து, காரத்தில் எளிதில் அறுந்துபோகும் எஸ்டர் பிணைப்புகள் லிக்னின் சங்கிலிக்கு நடுவிலேயே வரும்படி செய்து காட்டினார்கள். மரம் நன்றாகவே வளர்ந்தது.

மட்குவதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

ஒரே மாதிரிப் பிணைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கென்று ஒரு நொதி போதும், வரிசையாக வெட்டிக்கொண்டே போகலாம். செல்லுலோசை அப்படித்தான் வெட்டுகிறார்கள் நுண்ணுயிர்கள். லிக்னினில் அடுத்த பிணைப்பு என்ன வகை, எந்தக் கோணம் என்பது யாருக்கும் தெரியாது. வெண்ணழுகல் பூஞ்சைகள் கண்டுபிடித்த வழி, உருவான வழியையே திருப்பிப் போடுவது: பெராக்சிடேசால் எலக்ட்ரானைப் பறித்து, லிக்னினை மறுபடி ராடிக்கல் ஆக்கி, தானாக உடையவிடுவது. அந்த நொதி 1983-இல்தான் கையில் அகப்பட்டது. பழுப்பழுகல் பூஞ்சைகள் லிக்னினைச் சற்றே மாற்றிவிட்டுச் சர்க்கரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும், அதனால்தான் சில அழுகல் மரம் பழுப்பாகக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது.

மரத்தாலும் தன் லிக்னினைத் திரும்பக் கரைத்து எடுத்துக்கொள்ள முடியாது. போட்டது போட்டதுதான்.

பழைய செய்தித்தாள் மஞ்சளாவது இதனாலா?

ஆம். செய்தித்தாள் பெரும்பாலும் இயந்திரத்தால் அரைத்த கூழில் செய்வது, லிக்னின் உள்ளேயே இருக்கும். வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டு அது நிறமுள்ள பொருள்களாக மாறுகிறது. ஒரு தாளைப் பாதி மூடி வெயிலில் வைத்தால் ஓரிரு நாளிலேயே கோடு போட்டது போல நிறம் பிரிந்துவிடும். எழுதும் தாளுக்கு வேதிமுறையில் லிக்னினை நீக்கிவிடுவதால் அது நெடுநாள் வெள்ளையாக இருக்கும். அப்படி நீக்கிய கருஞ்சாற்றைக் காய்ச்சி எரித்துத்தான் ஆலைகள் தங்களுக்கு வேண்டிய நீராவியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

நீராவியில் காட்டினால் மரம் வளைகிறதே, லிக்னின் உருகுமா?

உருகாது, இளகும். ஈரத்தோடு 100 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறினால் லிக்னின் ரப்பர் போல நெகிழ்ந்து நார்களை ஒன்றின் மேல் ஒன்று நழுவவிடும். வளைத்து அச்சில் பிடித்து ஆறவிட்டால் அந்த வடிவத்திலேயே மறுபடி இறுகிக்கொள்ளும். பிணைப்புகள் எதுவும் பெரிதாக அறுவதில்லை, அதனால்தான் கட்டை பலமிழக்காமல் இருக்கிறது. நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சட்டென்று வளைத்துவிட வேண்டும், ஆறத் தொடங்கினால் ஒடிந்துவிடும்.